சாம்பியன் ரீப்ஸுக்கு வந்த பிரியாணி

கிறிஸ்துமஸ் மதியம். பிரியாணியும் கம்பளித் துணியும் ஏற்றி வந்த சர்ச் வாலண்டியர்களின் டெம்போ, சாம்பியன் ரீப்ஸில் தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்குக் கொஞ்சம் முன்னால் சேற்றில் உட்கார்ந்துவிட்டது. இரவெல்லாம் மழை. தங்கம் பிரித்த கழிவு குவிந்த சயனைட் மேட்டிலிருந்து கரைந்து வந்த சாம்பல் மண்ணில் சக்கரம் பாதி புதைந்து கிடந்தது.

"திரும்பிடலாம் சிஸ்டர், நாளைக்குக் குடுத்துக்கலாம்" என்றான் டிரைவர் விவேக்.

நர்ஸ் ஆஷ்லி தலையை ஆட்டி மறுத்தாள். நேற்றுத்தான் வீடு வீடாகப் போய், "யாரும் அடுப்பு மூட்டாதீங்க, சாப்பாடு நாங்க கொண்டாறோம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவளை நம்பி லைனில் ஒருவரும் உலை வைக்கவில்லை. பாதிப்பேர் படுக்கையிலேயே கிடக்கிற பழைய சுரங்கத் தொழிலாளிகள்.

எதிரே எட்டுக் கிழவர்கள் ஓர் இரும்புக் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். முன்னால் தசரதன். ஒரு காலத்தில் சுரங்க ஷாஃப்ட்டில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணி அடித்தவர்; ஒரு மணிக்கு மேலே, இரண்டு மணிக்குக் கீழே. இப்போது கிளினிக் படியேறவே இரண்டு தரம் நிற்பார்.

"இன்னா ஆஷ்லிம்மா, வாசனை வந்துச்சி, பிரியாணி வரலியே?"

"வண்டி மாட்டிக்கிச்சி அங்கிள். இங்கயே பக்கெட்ல அள்ளிடட்டுமா?"

"மழை தூறுது. தொறந்தியானா கஞ்சியாப்பூடும். மூடியில கை வைக்காத."

"நானும் ஒரு பக்கம் புடிக்கிறேன்" என்று விவேக் இறங்கினான்.

"வண்டியவே சேத்துல வுட்டவன் நீ. துணி மூட்டைய எட்தா ராசா."

பிரியாணி இருந்த பெரிய தேக்சாவின் இரண்டு காதுகளிலும் குழாயைச் செருகினார்கள். நான்கு தோள்கள் குனிந்தன; அதில் தசரதனுடையதும் ஒன்று. தசரதன் கரண்டியால் குழாயில் ஒரு தட்டு தட்டினார். தேக்சா எழும்பியது. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு தட்டு. இறங்கியது. அந்த இடத்தில் மற்ற நால்வர் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். மறுபடி ஒரு தட்டு.

தூக்கியவர்களுக்குப் பேச மூச்சு இல்லை. சுரங்கத் தூசி தின்ற ஒவ்வொரு நெஞ்சும் ஓட்டைத் துருத்திபோல இழுத்தது. அந்தச் சத்தத்தை ஸ்டெதாஸ்கோப்பில் கேட்டுப் பழகியவள் ஆஷ்லி. இன்று பத்தடி தள்ளியே கேட்டது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தாள். வழுக்குகிற சேற்றில் அந்தப் பாரம் ஒரு விரற்கடைகூடச் சாயாமல் போவதைப் பார்த்ததும் கூடவே நடந்தாள்.

விவேக்குக்குப் பின்னால் இன்னொரு கம்பளி மூட்டையைத் தலையில் சுமந்து வந்த தசரதனின் மனைவி மங்கம்மா, "மாரியாத்தா தேரு கூட இவ்ளோ நேரா வந்ததில்ல" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. மூச்சைச் சேமித்தார்கள்.

லைனில் இறக்கி, மூடியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபோது ஆவி குப்பென்று மேலே எழுந்தது. வாசல்களில் தட்டுகள் வந்தன. தூக்கியவர்கள் மட்டும் சுவரோரம் வரிசையாகச் சரிந்து உட்கார்ந்திருந்தார்கள், வாயைப் பிளந்துகொண்டு.

ஆஷ்லி மூட்டையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்துத் தசரதனின் நனைந்த தோளில் போர்த்தினாள். முதல் தட்டை அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை. பேசவும் முடியவில்லை. உள்ளே படுத்திருப்பவர்கள் பக்கம் கையைக் காட்டினார்.

"இவுங்களுக்கு மூச்சு வந்ததும் துண்ணுவாங்க" என்றாள் மங்கம்மா. "நீ போம்மா, உள்ள குடு."

ஆஷ்லி செருப்பைக் கழற்றிவிட்டு, தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முதல் வீட்டுக்குள் குனிந்து நுழைந்தாள்.