திரையை விட்டு வெளியே வந்த மூலக்கூறு

நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் வாயில் மிச்சமிருக்கும் பற்கள் இன்றைக்கே உதிர்ந்து போகட்டும்.

மருந்து ஆராயும் கூடம் ஒன்றில் ஆந்தை என்று ஒருவர் இருந்தார். பெரிய கண், அதைவிடப் பெரிய மூக்குக் கண்ணாடி. அதனால் அந்தப் பெயர். புரத மூலக்கூறுகளைப் படமாக்குவது அவர் வேலை. ஆய்வு இதழ்களில் ஒரே மூலக்கூறை இரண்டு கோணத்தில் பக்கத்துப் பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். மாறுகண் போலக் கண்ணைக் குவித்துப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகி, மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்குமாம். மற்றவர்களுக்குத் தலைவலிதான் மிச்சம். ஆந்தையோ ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடடா, என்ன ஆழம்!" என்பார்.

உண்மையில் அவருடைய இடது கண் பிறவிச் சோம்பேறி. இரண்டு கண்ணும் சேர்ந்து பார்த்தால்தான் ஆழம் தெரியும்; அதை அவர் கேள்விப்பட்டதோடு சரி. இது அவர் மனைவிக்குக்கூடத் தெரியாது.

ஒருநாள் இயக்குநரம்மா கூப்பிட்டார். "முப்பரிமாணத் திரை வாங்கப் போறோம். எது நல்லதுன்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க. உங்க கண்ணை நம்பாம வேற யார் கண்ணை நம்புறது?"

குட்டு வெளிப்பட்டால் மூலக்கூறு வேலை போச்சு; சோதனைக் குழாய் கழுவும் தொட்டிதான் கதி.

விற்பனைக்காரர் இரண்டு கருவிகளோடு வந்து சேர்ந்தார். முதலாவது ஒற்றைத் திரை. அதற்கான மூக்குக் கண்ணாடி இடதும் வலதுமாக மாறி மாறிக் கண்ணை மூடித் திறக்கும். மூலக்கூறு எழும்பியதும் எல்லோரும் "ஆ!" என்றார்கள். அவர்கள் வாயை மூடிய பிறகு ஆந்தை "ஆ!" என்றார்.

"என்ன அத்தான், உங்களுக்கு மட்டும் தபால்ல வருதா?" என்றான் மச்சினன். அங்கே கணினிகளைக் கவனிப்பவன் அவன்தான்.

இரண்டாவது கருவியில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு திரைகள். நடுவே சாய்வாக, பாதி ரசம் பூசிய கண்ணாடித் தகடு. "இது மினுக்காது சார், கண்ணு வலிக்காது" என்று விற்பனைக்காரர் ஆளுக்கொரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார். மச்சினன் வயர்களை மாட்டினான். அவசரத்தில் இடது கண்ணுக்குரியதை வலதிலும் வலதுக்குரியதை இடதிலும் மாட்டிவிட்டான்.

சாதாரணமாக இப்படி மாறினால் மேடு பள்ளமாகத் தெரியும், பள்ளம் மேடாகத் தெரியும், தலை சுற்றும், அவ்வளவுதான். ஆனால் இது தரமான கருவி. புரதத்தில் மருந்து போய் உட்காருகிற குழி, கழற்றிய காலுறை போல உள்வெளியாகப் புரண்டு, அறைக்குள் வந்து வாயைத் திறந்தது. இரண்டு நாற்காலிகள் உள்ளே போயின. விற்பனைக்காரர் திரைச்சீலையில் தொங்கினார். இயக்குநரம்மா மேசைக் காலைக் கட்டிக்கொண்டார். பிடித்த பிடியை விட்டுக் கண்ணாடியைக் கழற்ற யாருக்கும் தைரியமில்லை.

"அத்தான்! இழுக்குது அத்தான்! அக்காகிட்ட என்னன்னு சொல்வீங்க?"

ஆந்தைக்குக் குழி தெரியவில்லை. ஆனால் மச்சினனுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பது ஒற்றைக் கண்ணுக்கும் தெரிந்தது.

வயர்களை மாற்ற வேண்டும். அவை குழிக்கு அந்தப் பக்கம். இரண்டு கண்ணும் சரியாக உள்ள எவனும் அதன்மேல் கால் வைக்க மாட்டான். ஆந்தை வைத்தால் குட்டு உடைந்துவிடும். குழாய் கழுவும் தொட்டி கண்முன் வந்தது. அதை இடித்துத் தள்ளிக்கொண்டு மனைவியின் முகம் வந்தது.

நடந்தார். குழியின் நட்டநடுவே, வெறும் காற்றில், வராந்தாவில் போவது போல நடந்து போய் வயர்களை மாற்றி மாட்டினார். குழி சுருங்கி மச்சினனைக் கதவோரம் துப்பியது, ஒரு செருப்பு குறைவாக.

இயக்குநரம்மா மெல்ல எழுந்தார். "நீங்க அந்தப் பள்ளத்து மேலயே நடந்தீங்க."

"எந்தப் பள்ளம்மா?" என்று கேட்ட பிறகுதான் ஆந்தை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எத்தனை வருஷமா இப்படி?"

"பொறந்ததிலேருந்தே."

இயக்குநரம்மா தன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இதையே வாங்குவோம். முதல்ல காட்டினது வெறும் பொம்மை. ஆனா ஒண்ணு, இதைப் போடுறப்பல்லாம் நீங்க பக்கத்துல இருக்கணும். எவனாவது விழுந்தா நீங்கதான் போய்த் தூக்கணும்."

வேலை தப்பியது, பயம் தப்பவில்லை. இப்போதெல்லாம் ஆந்தை தினமும் காலையில் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, இடது கண் தேறித் தொலைந்துவிட்டதா என்று நடுக்கத்தோடு பார்த்துக்கொள்கிறார்.

நடந்ததை நடந்தபடியே சொல்வதாகச் சத்தியம் செய்தேனே, அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கருவிகளைக் காட்டிய அன்று அந்தக் கட்டடத்தில் காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் கிடையாது.