குட்டையாகிக்கொண்டே வந்த கொடி

அந்தத் தீவுத் தூண் நாட்டின் நாணயத்தில் இருக்கிறது, தபால்தலையில் இருக்கிறது, பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. அதன் உச்சியில் பறக்கும் கொடி மட்டும் எட்டு மாதமாகக் குட்டையாகிக்கொண்டே வந்தது.

காரணம் கொடிக்காரனுக்குத் தெரியும். உப்புக்காற்று வாரத்துக்கு ஓர் அங்குலம் பிய்த்துவிடும். நாற்பது நாளுக்கு ஒருமுறை கொடியை மாற்றி, பழையதை எரித்துவிட வேண்டும் என்பது விதி. அவன் மாற்றவில்லை. பிய்ந்த ஓரத்தை வெட்டி, மடித்துத் தைத்து, மறுபடி ஏற்றினான். அது அவன் மனைவி தைத்த கடைசிக் கொடி. அவள் போய் எட்டு மாதம்.

காற்று வலுத்தால் தூணடி அறையில் அவள் தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்கும். கொடிதான் படபடக்கிறது என்று அவனுக்குத் தெரியும். நடுவில் சட்டென்று நிற்கும், அவள் நூலைப் பல்லால் கடிக்கும் நேரத்துக்கு. பிறகு ஓடும். அவன் சாப்பாட்டில் வைத்த கையை அப்படியே வைத்திருப்பான்.

தீவுக்குப் படகு விடுபவர் அவளுடைய அண்ணன்.

“மாப்ள, ஜனம் சிரிக்குது. தூணுக்குக் கைக்குட்டை கட்டியிருக்காங்களான்னு கேக்குது.”

“சிரிக்கட்டும் மச்சான்.”

“நாளைக்கு அதிகாரி வர்றாரு, டேப்போட. தங்கச்சிதான் போயிட்டா. நீயும் வேலையைத் தொலைச்சுட்டு நிக்காத.”

மறுநாள் அதிகாரி கொடியை இறக்கச் சொல்லி அளந்தார்.

“பன்னெண்டு அடி இருக்கணும் தம்பி. ஒம்போதுதான் இருக்கு. மிச்ச நாட்டை யாரு தின்னா?”

“காத்து சார்.”

“இந்தக் கோணல் தையல்?”

“நான் சார்.”

அவர் விரல் மேல் விளிம்பில் நின்றது. இரட்டைத் தையல், கோடு கிழித்தாற்போல. “இது யாரு?”

மச்சான் கடலைப் பார்த்தார்.

“இப்பவே எரிச்சிடுங்க,” என்றார் அதிகாரி.

“ஒரு ஓரம் மட்டும் வெட்டிக்கட்டுமா சார்?”

“தேசியக் கொடி தம்பி அது. வெட்டின வரைக்கும் போதும்.”

தகர டிரம்மில் எரித்தான். இரட்டைத் தையல்தான் கடைசியாகப் போயிற்று. சாம்பலிலும் ஒரு நொடி கோடாக நின்றது.

புதுக் கொடி ஆலையில் செய்த நைலான். ஓரங்களைச் சூட்டில் ஒட்டியிருந்தார்கள், தையலே கிடையாது. பன்னிரண்டடி முழுசாக ஏறியது. சுற்றுலாக் கூட்டம் கைதட்டியது. பிறகு எல்லோரும் படகுக்கு நடந்தார்கள்.

அவன் அறைக்குள் போய் உட்கார்ந்தான். இனி ஒன்றும் இல்லை என்று நினைத்தான்.

மெஷின் ஓடியது.

வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தான். காற்று செத்துக் கிடந்தது. கொடி கம்பத்தோடு ஒட்டித் தொங்கியது. ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

சத்தம் நின்றது. நூலைக் கடிக்கும் நேரம். மறுபடி ஓடியது.

துறையில் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த மச்சான் நிமிர்ந்தார். கயிறு கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

“மாப்ள,” என்று கத்தினார், “அங்க யாரு தைக்கிறது?”