ஆசை வைக்காத வீடு

முதலில் பார்த்த வீடு, பேச்செல்லாம் முடிந்த பிறகு வேறொருவருக்குப் போய்விட்டது. தையல்காரிக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. "இனிமே எந்த வீட்டு மேலயும் ஆசை வைக்க மாட்டேன்" என்று பஸ் ஓட்டும் கணவனிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த வீட்டுக்கு வேண்டாவெறுப்பாகத்தான் வந்தாள். வீட்டை விற்கிற அம்மா சுற்றிக் காட்டியபோது 'உம்' கொட்டியதோடு சரி.

வாசலுக்கு வந்ததும் கணவன், "உனக்குப் பிடிக்கல போல, விட்டுடலாம்" என்றான்.

"யாரு சொன்னா? சமையலறை ஜன்னல் சரியா மூட மாட்டேங்குது. ஆசாரியை வரச் சொல்லணும்."

"ஆசை வைக்க மாட்டேன்னியே?"

"ஆசை இல்லைங்க, ரிப்பேர்" என்றாள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அடுத்த மாதம் பத்திரப்பதிவு முடிந்தது. சாவி கைக்கு வந்த பிறகுதான் அவளுக்கு நம்பிக்கை வந்தது. வாய்விட்டு அழுதாள். இத்தனை வருஷம் வாழ்ந்த வீட்டின் சாவியைக் கொடுத்த அந்த அம்மாவும் சேர்ந்து அழுதாள்.