சலவைச்சாலையில் ஒரு நடிகை

விடியுமுன்பே சலவைச்சாலையில் ஆவி கிளம்பிவிட்டது. வெளியே இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டுத் தை மாதப் பனியில் ஒஸ்லோ விறைத்துக் கிடக்க, உள்ளே அனஸ்ரேசியாவின் முதுகில் வேர்வை வழிந்தது. விடுதிகளின் ஈர விரிப்புகளை உதறி உதறி, துணியைக் காயவைத்துத் தேய்க்கும் கொதிக்கும் உருளைக்குள் செலுத்தினாள். கை ஓடியது, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. வேகம் போதாதென்று முதலாளி ஓட்வார் உருளையின் காப்புக் கம்பியைக் கழற்றியிருந்தார். உடன் வேலை செய்த தேவிகாவின் கை உள்ளே போய் வெந்துவிட்டது. அவளுடைய கவனக்குறைவு என்று எல்லோரும் சொல்லவேண்டுமாம். அனஸ்ரேசியா மட்டும் முடியாதென்றாள்.

ஓட்வார் அவளை அறைக்கு அழைத்தார். மேசையில் ஒரு பழைய திரைப்படக் குறுந்தட்டு. அதன் உறையில், நனைந்த மெல்லிய துணியோடு இளவயது அனஸ்ரேசியா.

"உன்னோடு வேலை செய்கிற தமிழ்ப் பெண்கள் இதைப் பார்த்தால்?"

"நானே சொல்கிறேன். உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மணிலாவில் குடும்பப் படங்களில்தான் நடிக்கத் தொடங்கினாள். பிறகு, உடலைக் காட்டினால்தான் படம் என்றார்கள். ஒப்புக்கொள்ளாத காட்சியொன்றை அவள் மறுத்த நாளில் படப்பிடிப்புத் தளமே தலைகுனிந்து நின்றது; விளக்குப் பிடித்தவன்கூட அவளுக்காக வாய் திறக்கவில்லை. வேறு வழியின்றி நடித்தாள். பின்னர் மீனவன் மனைவியாக நடித்துப் பாராட்டும் பெற்றாள். தயாரிப்பாளர்களோ அந்த நனைந்த துணியைத்தான் நினைவில் வைத்திருந்தார்கள்.

இடைவேளையில், எல்லோருக்கும் பொதுவான அரைகுறை நோர்வேஜிய மொழியில் தமிழ்ப் பெண்களிடம் முழுவதையும் சொன்னாள். அவர்களில் இளையவளான மக்டலீன் கழுத்துச் சிலுவையைத் தடவியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூத்தவளான பூமணி கேட்டாள்: "அந்த மீன்காரன்ரை பெண்சாதி படம் உன்னட்டை இருக்கோ?"

"இருக்கு."

"ஞாயிறு ரொம்சோசிலை இருக்கிற என்ரை வீட்டை கொண்டுவா, பாப்பம். இப்ப எழும்புங்கோ. கம்பி பூட்டுமட்டும் நான் உருளைக்குக் கிட்டப் போகமாட்டன்."

"வேலை போனால் என்ன செய்யிறது, அக்கா?" என்றாள் மக்டலீன்.

"தேவிகான்ரை கை போயிட்டுதே, பிள்ளை."

வேலை தொடங்கும் மணி அடித்தது. ஒருவரும் உருளைப் பக்கம் நகரவில்லை. ஓட்வார் ஓடிவந்தார்.

"யார் நிறுத்தச் சொன்னது? அனஸ்ரேசியாவா?"

"நாங்கள் எல்லாரும்," என்றாள் பூமணி.

"நாளைக்கே புது ஆட்களைக் கொண்டுவருவேன்."

"வரட்டும். அவையளுக்கும் கை இருக்குத்தானே. வாசலிலை நிண்டு சொல்லுவம்."

ஓட்வார் தொலைபேசியை எடுத்தார். மக்டலீன் அனஸ்ரேசியாவைப் பார்க்காமலே பக்கத்தில் வந்து, தோளோடு தோள் ஒட்டி நின்றாள்.