ஒன்பது மில்லிமீட்டர் கதிர்

சனிக்கிழமை காலையிலிருந்து சண்முகசுந்தரம் ஒற்றைக் கண்ணோடுதான் இருந்தார். இன்னொரு கண் லென்சுக்குள் குடியேறியிருந்தது. லென்சுக்குக் கீழே ஒரு பழைய கிரேக்க வெள்ளிக்காசு. வயது இரண்டாயிரத்து நானூறுக்கு மேல், அகலம் ஒன்பது மில்லிமீட்டர். அயனம்பாக்கத்து அந்த மூன்றாம் மாடி வீட்டில் அன்று மின்விசிறிக்கு விடுமுறை, காசு பறந்துவிடுமாம்.

மறுநாள் அம்பத்தூரில் நாணயச் சங்கக் கூட்டம். போன தடவை ஆந்தை என்று அவர் கொண்டுபோன காசில் இருந்தது ஒரு போர்வீரனின் தலை. சங்கமே சிரித்தது. அந்த அவமானத்தில் ஒரு வாரம் அவருக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இந்த முறை தப்பு வரக்கூடாது என்று மூன்று வாரம் படங்களோடு ஒப்பிட்டு அட்டையும் எழுதிவிட்டார்: 'மெட்டாபொன்டம், தென் இத்தாலி. முன்புறம் பார்லிக் கதிர். பின்புறம் மாட்டுத் தலை.'

இனி ஒரு பாராட்டுதான் பாக்கி. மனைவியைக் கூப்பிட்டார்.

"ஜெபா, கதிர் எவ்வளவு தெளிவா இருக்கு பாரேன்!"

ஜெபா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தாள்.

"ஏங்க, இது சூரை மீனு."

"மீனா? சுணை தெரியுது பாரு. கீழ ரெண்டு இலை."

"அது சுணை இல்ல, வாலுக்கு மேல இருக்கிற குட்டிக் குட்டிச் செட்டை. இலையாம் இலை! அது வாலு. தூத்துக்குடியில எங்கப்பா படகுல வந்து இறங்காத சூரையா? வெண்டைக்காயே தின்னு வளந்தா எல்லாம் செடியாத்தான் தெரியும்."

பரம்பரைச் சைவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் 'சூரை' என்று தேடினார். பத்தே நிமிஷத்தில் ஊர் கிடைத்தது: கிசிகோஸ், துருக்கிக் கரை. சூரை கூட்டங்கூட்டமாகப் போகும் வழியில் இருந்த ஊர், காசிலும் சூரையைப் போட்டது. மீனுக்கு முன்னால் நிற்கவேண்டிய காட்டுப்பன்றி இந்தக் காசில் தேய்ந்தே போயிருந்தது. பின்புறத்து மாடு, சிங்கமாம். அவர் சத்தமில்லாமல் புது அட்டை எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சங்கத்து மூத்த உறுப்பினர் உலகநாதன் காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஷோக்கா கீது சார்! பன்னியே தேஞ்சி பூட்ச்சி, வெறும் மீன வெச்சிகினு எப்டி சார் கண்டுபுட்ச்சீங்க? மீனு வாடையே ஆவாத ஆளாச்சே நீங்க?"

எல்லாரும் அவரையே பார்த்தார்கள். மூன்று வார ஆராய்ச்சி என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது.

"நான் கண்டுபிடிக்கல. கதிர்னு எழுதி வெச்சிருந்தேன். என் வீட்டம்மாதான் பார்த்ததும் மீனுன்னாங்க."

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. உலகநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மீனப் போயி கதிருன்னு... அப்போ ஊட்ல அண்ணி மீன் கொயம்பு ஜோரா வெப்பாங்கன்னு சொல்லுங்க!"

"இல்ல. எனக்கு ஆகாதுன்னு, கல்யாணமாகி பன்னெண்டு வருஷமா அவங்க வீட்டுக்குள்ள மீன் கொண்டாந்ததே இல்ல."

சாதாரணமாகத்தான் சொன்னார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு பெரிய கணக்கு என்று அவர் காதுக்கே உறைத்தது. சிரிப்பு அவரை ஒன்றும் செய்யவில்லை. இதுதான் வெட்கமாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் மீன் கடை முன்னால் வண்டியை நிறுத்தினார். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, தட்டுகளின் மேல் ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக் குனிந்தார்.

"இன்னா நைனா தேட்ற?" என்றாள் மீன்காரம்மா.

வாலுக்கு மேல் குட்டிக் குட்டிச் செட்டை. சண்முகசுந்தரம் விரலை நீட்டினார்.

"இதானேம்மா சூரை?"

"கரீட்டா சொல்ட்டியே!"