முப்பது மில்லிமீட்டர் கீழே

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு தையல்கடையில். என் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கப் போயிருந்தேன். தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே, தன் மனைவியின் மோட்டார் சைக்கிளின் உயரத்தைக் குறைத்த கதையைச் சொன்னார். ஆகவே இதில் பாதி அவர் சொன்னது. குண்டூசிகளுக்கு நடுவே எனக்குக் கேட்காமல் போன மீதியை நானே இட்டு நிரப்பினேன். அந்த மனைவியிடம் நான் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. இருந்தும் அவள் பக்கத்திலேயே நின்றுதான் சொல்லப்போகிறேன். வேறு வழி தெரியவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: வேகம் என்பது மனிதனின் ஆதி

(விட்டுவிட்டேன். யாருக்கு வேண்டும் இந்தக் கட்டுரை?)

2

வண்டி விழுந்தபோது அது ஓடிக்கொண்டிருக்கவில்லை.

அவள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது நாற்பத்திரண்டு. ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பந்தயத்தடத்தில் அந்த வண்டியை ஓட்டியவள். தரையில் முழங்கால் உரச வளைவில் சாய்ந்தபோதெல்லாம் விழாதவளை, வேலைக்கு நடந்து போகையில் ஒரு கார் வந்து இடித்தது. இடது கால் எலும்பு கூடியது, ஆனால் ஒரு விரற்கடை குட்டையாகக் கூடியது. அந்தப் படத்தையும் அவளே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாளாம். வேறு யாருடைய காலோ என்பதுபோல, "சுத்தமா சேர்ந்திருக்கு" என்றாளாம்.

பந்தயம் போயிற்று. தெருவிலாவது ஓட்டலாம் என்று ஒரு வருடம் கழித்து வண்டியை எடுத்தாள். சிக்னலில் நின்று இடது காலை ஊன்றப் போனால் கட்டைவிரல் நுனிக்குக்கூடத் தரை எட்டவில்லை. வண்டி மெதுவாக, ஒரு எருமை படுப்பதுபோல, சாய்ந்து படுத்துக்கொண்டது. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். ஒருவர் "பார்த்து ஓட்டும்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைத் தின்றது. ஓட்டத் தெரியும். நிற்கத்தான் முடியவில்லை.

3

தையல்காரர் தன் தொழில் புத்திப்படி ஒரு வழி சொன்னார்: வண்டியில் கை வைக்க வேண்டாம், செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து இடது ஷூவுக்கு ஓர் அங்குலம் அடி சேர்த்துக்கொள். சேர்த்தார்கள். நிற்க வந்தது. ஆனால் கட்டை ஷூவின் முனை கியர் லீவருக்கு அடியில் நுழைய மறுத்தது. வீடுவரை முதல் கியரிலேயே உறுமிக்கொண்டு வந்தாள். அந்த ஷூ இப்போது கடைக்கதவுக்கு முட்டுக்கொடுக்கிறது; நானே பார்த்தேன்.

4

ஷூ தோற்றபின் அவள் தேடிப்போன மெக்கானிக்கை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. முதல் வரைவில் முரடராக வந்தார். தையல்காரர் கேட்டுவிட்டு, "அவரா? அவர் பூனை மாதிரிங்க" என்றார். பூனையாக எழுதினால் சண்டை வரமாட்டேன் என்கிறது. எனவே நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பந்தய நாளில் அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். வளைவில் சட்டென்று திரும்புவதற்காகப் பின்பக்கத்தை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக உயர்த்தியவர். அதையே இப்போது இறக்கு என்றால்? பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் இணைக்கும் இரண்டு தகடுகளையும் நீளமாகப் போட வேண்டும். அப்போது பின்பக்கம் தாழும், திரும்பும் சுறுசுறுப்பு செத்துப்போகும், வயிறு ரோட்டில் தட்டும் என்று அடுக்கினார். கடைசியில், "திரும்புறதுக்குன்னே செஞ்ச வண்டிம்மா இது" என்றார்.

"அண்ணே, எனக்குத் திரும்புறதுல ஒரு கஷ்டமும் இல்ல. நிக்கிறதுலதான்."

அவர் ஸ்பேனரை எடுத்தார்.

5

முப்பது மில்லிமீட்டர் இறக்கினார். வேலை முடிந்ததும் வண்டியைப் பக்க ஸ்டாண்டில் நிறுத்திவிட்டுக் கை கழுவத் திரும்பினார். வண்டி தாழ்ந்தால் ஸ்டாண்டையும் குட்டையாக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சாயாமல் செங்குத்தாக நிற்கும், காற்று பட்டாலும் மறுபக்கம் போய்விடும். இருபத்தைந்து வருடமாக எல்லோருக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவர் கைதான் அன்றைக்கு மறந்தது.

வண்டி பழைய டயர்க் குவியல்மேல் விழுந்தது. கண்ணாடி ஒன்று போயிற்று.

(இந்த இடத்தில் அவர் அழுதார் என்று எழுதினேன். அழவில்லையாம். வெட்டிவிட்டேன்.)

விழுந்த வண்டியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தார். "கோவத்துல வேலை பார்த்தேம்மா" என்றார்.

"என்மேலயா?"

"அந்தக் கார்க்காரன்மேல."

ஒரு வருடமாக அவளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. எல்லோரும் பிழைத்ததே பெரிது என்றுதான் சொன்னார்கள். அவளும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து இரண்டு பேருமாக வண்டியைத் தூக்கினார்கள்.

ஸ்டாண்டை வெட்டிப் பற்றவைத்தார்கள். வண்டி மந்தமாகத் திரும்பாமலிருக்க முன்பக்கத்தையும் அளவாக இறக்கினார்கள். அவள் ஒரு சுற்றுப் போய்வந்து, "யோசிச்சுத்தான் திரும்புது" என்றாள். பிறகு, "பரவால்ல, நானும் அப்படித்தான்" என்றாள்.

கிளம்பும்போது, பந்தயத்துக்காகக் கழற்றிய பின்சீட் எங்கே என்று கேட்டாள். பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஆனால் எச்சரித்தார்: ஆள் ஏறினால் இன்னும் தாழும், மேடு பள்ளத்தில் அடி வாங்கும்.

6

இதோடு முடித்திருக்கலாம். பத்திரிகைக்காரர் ஒருவர், அவள் மீண்டும் பந்தயத்துக்குப் போவதாக முடியுங்கள் என்றார். அவள் போகவில்லை. போக விரும்பியதாகவும் தெரியவில்லை.

நடந்தது இது. மறு ஞாயிறு காலை, கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் முதல்முறையாக, தையல்காரர் அந்த வண்டியில் பின்னால் ஏறினார். நெட்டையான மனிதர், கால்களை எங்கே மடிப்பதென்று தெரியாமல் வெட்டுக்கிளிபோல உட்கார்ந்தார். ஊருக்கு வெளியே ரயில்வே கேட் மூடியிருந்தது. ஒரு சரக்கு ரயில் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு பாதங்களையும் தரையில் பதித்து, இருவர் எடையையும் தாங்கி நின்றாள். வண்டி அசையவில்லை. அவர் மெல்லத் தன் கையை அவள் தோளிலிருந்து எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பிடித்துக்கொள்ளத் தேவையிருக்கவில்லை.

கேட் ஏறியது. எதிரே தண்டவாளம் ஒட்டக முதுகுபோல ஒரு மேட்டின்மேல் கிடந்தது.

"நான் இறங்கி நடந்து அந்தப் பக்கம் வந்து ஏறிக்கட்டுமா?" என்றார்.

ஒரு வரைவில் இறங்கினார். அவள் தனியாகக் கடந்துபோய் அந்தப் பக்கம் காத்திருந்தாள். இன்னொன்றில் இறங்கவில்லை, வண்டியின் வயிறு தண்டவாளத்தில் கறகறவென்று உரசியது, இருவரும் சிரித்தார்கள். எது நடந்ததென்று எனக்குத் தெரியும். எது சரியென்று தெரியவில்லை.

பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அவள் கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டுவிட்டாள். இறங்கச் சொல்வதென்றால் நீங்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.