ஏழு கட்டம்

அம்மாவின் சவப்பெட்டியை அப்பா டேப் வைத்து அளந்துகொண்டிருந்தபோது, வீடு மாற்றும் லாரி கீழே வந்து நின்றது.

"அகலம் அறுபத்தெட்டு. நீளம் ரெண்டு மீட்டர் அஞ்சு. எழுதிக்கோ நீன்கே," என்றார் கெர்பென்.

நீன்கே எழுதவில்லை. பெட்டிக்கு அடியில், உடல் கெடாமலிருக்க வைத்த மின்சாரக் குளிர்ப்பலகை உர்ரென்று இரைந்துகொண்டிருந்தது. புதன்கிழமை மதியத்திலிருந்து அந்தச் சத்தத்தோடுதான் அப்பாவும் மகளும் சாப்பிடுகிறார்கள், பேசுகிறார்கள், சண்டை போடுகிறார்கள்.

புதன்கிழமை காலையில் அம்மா ஆஃப்கே கடைசித் தட்டைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றி முடித்து, பெட்டிக்குள் வைத்து, நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான். தட்டு உடையவில்லை. அம்மா எதையும் அரைகுறையாக விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை.

இன்று வெள்ளி. ஆம்ஸ்டர்டாமின் இந்த மூன்றாம் மாடி வீட்டுச் சாவியை நாளை நண்பகலுக்குள் ஒப்படைத்தாக வேண்டும். திங்கட்கிழமை வேறு குடும்பம் வருகிறது. அடக்கமோ செவ்வாய்க்கிழமை. நடுவில் உள்ள நான்கு நாள் அம்மா எங்கே இருப்பாள் என்பதுதான் சண்டை.

"அடக்கக்காரங்க இடம் நல்லாத்தான்பா இருக்கு. பூவெல்லாம் வச்சிருக்காங்க. நாம போய்ப் பாத்துக்கலாம்."

"ஒன்பதுலேருந்து அஞ்சு வரைக்கும்னு போர்டு வச்சிருக்கான். அம்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணிட்டு, நேரம் கேட்டுப் போய்ப் பாக்கணுமா? அவ நம்மளோட புது வீட்டுக்கு வர்றா."

"அம்மாவுக்கே பிடிக்காத வீடுப்பா அது."

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து ஊரான பர்மரெண்டில் தரைத்தள வீட்டைப் பார்த்தவள் அவள்தான். அப்பாவின் முழங்காலுக்கு இந்தப் படிக்கட்டு ஆகாது என்று ஆறு மாதம் அம்மாவை அரித்தெடுத்தவளும் அவள்தான். அம்மா செப்டம்பர் கடைசியில் ஒருநாள், "சரி, நீ சொன்னா சரி," என்று சொல்லிவிட்டுக் கட்டம் போட்ட தாள் வாங்கப் போய்விட்டாள்.

புதன்கிழமை வந்த மருத்துவர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இதயம் தாங்காதுன்னு செப்டம்பர்லயே அவங்களுக்குத் தெரியும். ஆபரேஷன் வேண்டாம்னுட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டார். அதிலிருந்து நீன்கேயின் காதில் அந்தச் 'சரி' ஓயவில்லை. செப்டம்பருக்குப் பிறகு அம்மா தனியாகக் கட்டிய பெட்டிகள் நாற்பத்து மூன்று. அம்மாவைத் தான்தான் கொன்றோம் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்த நாற்பத்து மூன்றிலும் அம்மாவின் கையெழுத்து. நேற்று அப்பா ரேசரைத் தேடி ஒரு பெட்டியைப் பிரித்தார். மேலேயே ஒரு சீட்டு: "ரேசர் இதில் இல்லை கெர்பென், உன் நீலக் கோட்டுப் பையில்." புத்தகப் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அதன் பக்கவாட்டில் எழுதியிருந்தது: "நீ தூக்காதே. முதுகு." அவர் சட்டென்று நிமிர்ந்து அறைக்கதவைத் திரும்பிப் பார்த்தார். நீன்கேயும் பார்த்தாள்.

வீடு மாற்றும் ஆட்களின் தலைவன் ரீனுஸ் மூச்சு வாங்க மேலே வந்தான். சன்னலுக்கு வெளியே, தெருவிலிருந்து சாமான் ஏற்றி இறக்கும் அவர்களுடைய மோட்டார் ஏணியின் தட்டு ஏறி வந்து நின்றது. அறைக்குள் எட்டிப் பார்த்தவன் தொப்பியைக் கழற்றினான்.

"இவளும் சன்னல் வழியாத்தான் இறங்கணும்," என்றார் கெர்பென். "படியில இறக்கினா நிமித்திப் பிடிக்கணும். அவளுக்குத் தலை சுத்தும்."

"ஐயா, தட்டுல ஆளுங்கள ஏத்தக் கூடாதுன்னு சிவப்புல எழுதியிருக்கு."

"ரூல் எனக்கும் தெரியும். அவ ஆளுக்கணக்குல இப்ப வருவாளா, சொல்லு."

ரீனுஸ் நீன்கேயைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்பாவை இனி யாரும் மாற்ற முடியாது.

"சரி. சாமான் எல்லாம் போன பிறகு கடைசியா இறக்கறேன். நானே மோட்டார்ல நிக்கறேன்," என்றான் அவன்.

அப்படியே இறக்கினான். பீரோவை இறக்கியதைவிட மெதுவாக. எதிர்வீட்டுக்காரி சன்னலைச் சாத்திவிட்டுத் திரைக்குப் பின்னால் நின்றாள். கீழே அடக்கக்காரர்களின் கறுப்பு வண்டி காத்திருந்தது. காலி வீட்டில் பலகையின் இரைச்சல் நின்றிருந்தும் நீன்கேவுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது.

புது வீட்டில் ரீனுஸ், எந்தச் சாமான் எங்கே என்று அம்மா கட்டத்தாளில் போட்டிருந்த வரைபடத்தைச் சுவரில் ஒட்டினான். ஒரு கட்டத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கணக்கு. அலமாரி, மேசை, நாற்காலி எல்லாவற்றையும் அளவுக்கு வண்ணத்தாளில் வெட்டி ஒட்டியிருந்தாள் ஆஃப்கே. படுக்கையறையில் ஒற்றைக் கட்டில் மட்டும். அவர்கள் கட்டில் இரண்டு பாதி சேர்ந்தது. தன் பாதியில் அம்மா சிவப்பு ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தாள். சிவப்பு என்றால் பழைய சாமான் கடைக்கு.

மூன்று வாரம் முன்னால் நீன்கே இதற்குச் சண்டை பிடித்தாள்.

"உன் பாதி எங்கம்மா? நீ எங்க படுப்ப?"

"பாத்துக்கலாம்."

"கட்டிலுக்குப் பக்கத்துல சும்மா இடம் விட்டிருக்க. அதுவும் எழுபதுதான். உன் பாதிக்கு எண்பது வேணும். தப்பா அளந்துட்ட."

"நான் தப்பா அளக்கல."

நீன்கே பென்சிலால் மற்ற பாதியைத் தானே வரைந்தாள். அடுத்த வாரம் பார்த்தால், தாள் மெலியும்வரை அழித்திருந்தது. அந்த இடத்தில் அலமாரியாவது வை என்றாள். அங்கே ஒன்றும் வேண்டாம் என்றாள் அம்மா. வயசானால் பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு நீன்கே பஸ் ஏறினாள்.

இப்போது அடக்கக்காரர்கள் இருவரும் பெட்டியோடு வாசலில் நின்றார்கள். "எங்க வைக்கட்டும்?"

"முன்னறையில," என்றாள் நீன்கே.

"என் பக்கத்துல," என்றார் அப்பா.

"அங்க இடம் பத்தாதுப்பா."

கெர்பென் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் டேப்பை இழுத்தார்.

"எழுபது," என்றார். "பெட்டி அறுபத்தெட்டு."

நீன்கே சுவரில் இருந்த தாளுக்கு அருகே போனாள். விரலால் எண்ணினாள். ஏழு கட்டம். மறுபடி எண்ணினாள். நீளவாக்கில் இருபத்தொன்று.

பெட்டி பிசகாமல் உள்ளே போனது. அம்மா இடதுபக்கம், எப்போதும் படுக்கிற பக்கம்.

"பலகைக்குப் பிளக் பாயின்ட் வேணுமே," என்றார் அடக்கக்காரர்களில் ஒருவர்.

வரைபடத்தில் அந்த இடத்தின் தலைமாட்டில் ஒரு சின்னப் பெருக்கல் குறி இருந்தது. நீன்கே கட்டிலின் மேல் சாய்ந்து, பார்க்காமலே கையை நீட்டினாள். அங்கேதான் இருந்தது. உர்ரென்று சத்தம் தொடங்கியது.

எல்லோரும் போன பிறகு அப்பா கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். மணி இரண்டரை. அவர் மதியம் படுக்கிற நேரம்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?" என்று கேட்டாள்.

"அந்த இடத்த யாரும் அடைக்க விட்டுடாதேன்னா. ஏன்னு நான் கேக்கல." அவர் கம்பளியை மார்புவரை இழுத்துக்கொண்டார். "வீடு பிடிக்கலன்னு உங்கிட்ட சொன்னாளா அவ?"

"இல்ல."

"அப்புறம் என்ன."

அவர் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடினார். நீன்கே சுவரிலிருந்து தாளைக் கிழியாமல் உரித்தெடுத்தாள். பென்சிலால் அழித்த இடத்தில் வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தது. அந்த ஏழு கட்டத்தின் மேல் மடிப்பு விழாமல் பார்த்து, அதை நான்காக மடித்தாள்.